செருப்புத் தைப்பவனை வரைந்தவன்

என் முதல் கதை திரும்பி வந்தபோது கூடவே ஒரு தபால் அட்டையும் வந்தது. 1991. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். கதை என் அய்யாவைப் பற்றியது. அய்யா செருப்புத் தைக்கிறவர். கமலை இறவை இருந்த காலத்தில் கூனைக்குத் தோல்வால் தைத்தவர். மாட்டுக்குக் கழுத்துப்பட்டை, சலங்கைவார் செய்தவர். சம்சாரி வீட்டு ஆள் ஒவ்வொருவர் காலுக்கும் செருப்புச் செய்து கொடுத்துவிட்டு, அதே தெருவில் வெறுங்காலோடு நடந்தவர்.

அட்டையில் நாலே வரி. வாழ்க்கையை அப்படியே நகல் எடுத்திருக்கிறீர்கள், நகல் கலையாகாது, அரிஸ்டாட்டிலைப் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. பத்திரிகையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த வருசங்களில் எழுத வந்த நம்மவர்கள் பலருக்கும் இப்படி ஒரு பதில் வந்திருக்கும். பதிவு இருக்கு, கலை இல்ல என்பார்கள். கோபம் இருக்கு, அழகியல் இல்ல என்பார்கள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அரிஸ்டாட்டிலைத் தேர்வுக்காகப் படித்திருந்தேனே தவிர எனக்காகப் படிக்கவில்லை. இந்த நகல் விசயத்தை அந்த ஆள் உண்மையிலேயே என்னதான் சொல்லியிருக்கார், பார்த்துவிடுவோம் என்று நூலகத்துக்குப் போனேன். அவரைப் படிக்க அவருடைய ஆசிரியர் பிளேட்டோவைப் படிக்க வேண்டியிருந்தது. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் பத்தாவது பகுதியைப் பிரித்தால் அங்கே என் அய்யா உட்கார்ந்திருந்தார்.

சும்மா சொல்லவில்லை. கிரேக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் மிமெசிஸ். ஒன்றைப் போலச் செய்து காட்டுவது. குரலால், உடம்பால், சாயத்தால், சொல்லால். நம்ம பேச்சில் போலி என்றாலே பொய் என்று ஆகிவிட்டது. அவர்களிடம் அந்தச் சொல் அவ்வளவு மட்டமானதில்லை. நடிப்பது, வரைவது, பாடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். அதை மட்டம் தட்டியவர் பிளேட்டோதான். அவர் கட்டிலை வைத்துக் கணக்குச் சொல்கிறார். கட்டில் என்பதன் உண்மையான வடிவம் ஒன்றுதான், அது கடவுள் செய்தது. அதைப் பார்த்துத் தச்சர் ஒரு கட்டில் செய்கிறார். தச்சர் செய்த கட்டிலை ஒரு பக்கமாக நின்று பார்த்து ஓவியர் படம் வரைகிறார். ஆக ஓவியரின் கட்டில் உண்மையிலிருந்து மூன்றாவது இடம். கவிஞரும் அதே மூன்றாவது இடம்தான். இதைச் சொல்லிக்கொண்டே வருகிறவர் ஓர் உதாரணம் கொடுக்கிறார். ஓவியர் செருப்புத் தைப்பவரை வரைவார், தச்சரை வரைவார், மற்றத் தொழிலாளிகளையும் வரைவார். ஆனால் அவர்கள் தொழில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. குழந்தைகளிடமும் விவரம் இல்லாதவர்களிடமும் படத்தைத் தூரத்திலிருந்து காட்டினால் நிஜத் தச்சர் என்றே நம்பிவிடுவார்கள்.

படித்ததும் எனக்கு ஒரே சந்தோசம். இரண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கும் முன்னால், ஏதென்சில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை, எழுதுகிறவனையும் வரைகிறவனையும்விடத் தச்சன் ஒருபடி மேலே என்று சொல்லியிருக்கிறான். நம்மை எழுதி எழுதிப் பேர் வாங்கிய எத்தனை மேல்சாதி எழுத்தாளர்களின் முகத்தில் இதை விட்டெறியலாம்! உனக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா? தோல் பதப்படுத்துகிற நாத்தம் தெரியுமா? ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியில் கை வைத்திருக்கிறாயா? நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனால் அதே புத்தகத்தின் மூன்றாம் பகுதிக்குப் போனபோது சந்தோசம் சுருங்கிவிட்டது. நகரத்தைக் காக்கப்போகிற பிள்ளைகள் யாரைப் போல நடிக்கக்கூடாது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. பெண்களைப் போல நடிக்கக்கூடாது. அதிலும் புருசனை ஏசுகிற பெண், நோயிலோ காதலிலோ பிரசவ வலியிலோ இருக்கிற பெண் கூடவே கூடாது. அடிமை வேலை செய்கிற அடிமைகளைப் போலக் கூடாது. கோழைகள், குடிகாரர்கள், பைத்தியங்கள் கூடாது. கொல்லர், மற்றக் கைத்தொழிலாளிகள், துடுப்புப் போடுகிறவர்கள் கூடாது. அதே மூச்சில் குதிரை கனைப்பது, காளை கத்துவது, ஆற்றின் சத்தம், இடி முழக்கம். நம்ம தெருவில் காதில் விழுகிற அத்தனை சத்தமும் அந்தப் பட்டியலில் இருந்தது. எல்லாரையும் போலச் செய்யத் தெரிந்த ஒரு கலைஞன் இந்த நகரத்துக்கு வந்தால், தலையில் வாசனைத் தைலம் பூசி, மாலை சூட்டி, மரியாதையாக வேறு ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறார்.

ஏன் இந்தப் பயம்? அதற்கும் அவரே காரணம் சொல்கிறார். சின்ன வயசிலிருந்து ஒன்றைப் போலவே செய்துகொண்டிருந்தால் அது பழக்கமாகி, உடம்பிலும் குரலிலும் புத்தியிலும் சுபாவமாகவே ஊறிவிடும். இந்த இடத்தில் அவரோடு சண்டை போட எனக்கு வழியில்லை. கல்லூரி விடுதியில் நான் செய்தது அதுதான். முதல் வருசம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் வருசத்துக்குள் பேராசிரியர் மாதிரிப் பேசப் பழகிவிட்டேன். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் கையை ஆட்டுகிற மாதிரி ஆட்டி. லீவுக்கு ஊருக்குப் போனபோது, "என்னடா, ஊர்க்காரவுக மாதிரிப் பேசுற?" என்றாள் அம்மா. போலச் செய்தது சுபாவமாகியிருந்தது. பிளேட்டோவின் பயம் மேலே இருக்கிற பிள்ளைகள் கீழே இருக்கிறவர்களைப் போல ஆகிவிடுவார்களே என்பது. கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனைப் போலச் செய்யச் செய்ய அவன் என்ன ஆவான் என்று அவர் கேட்கவில்லை. அது நம்ம கேள்வி.

பிறகு அரிஸ்டாட்டில். ஏதென்சில் பிறக்காதவர். ஸ்டாகிரா என்ற ஊரிலிருந்து வந்து, குடியுரிமை இல்லாமலே அந்த நகரத்தில் வாழ்ந்தவர். அவருடைய 'கவிதையியல்' சின்னப் புத்தகம். அந்தத் தபால் அட்டைக்காரர் அதைச் சரியாகப் படிக்கவில்லை என்பது நாலாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. போலச் செய்வது மனுசனுக்குப் பிறவிக் குணம் என்கிறார் அரிஸ்டாட்டில். மற்ற உயிர்களிலிருந்து மனுசன் வேறுபடுவதே அதில்தான், முதல் பாடங்களை அவன் படிப்பதும் அப்படித்தான். நேரில் பார்க்கச் சகிக்காத பிராணியையும் பிணத்தையும்கூட அச்சாக வரைந்து காட்டினால் பார்த்துச் சந்தோசப்படுகிறோம். ஏன்? இது இன்னது என்று கண்டுகொள்வதில் ஒரு சந்தோசம் இருக்கிறது. கற்றுக்கொள்கிற சந்தோசம். அது தத்துவவாதிகளுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் உண்டு. நடந்ததை வரலாறு சொல்கிறது, நடக்கக்கூடியதைக் கவிதை சொல்கிறது, அதனால் கவிதைதான் தத்துவத்துக்குக் கிட்ட இருக்கிறது என்றும் சொல்கிறார். மிமெசிஸ் என்பது நகல் எடுப்பதல்ல, ஒன்றின் உள்கட்டைக் கண்டு அதைத் திரும்பக் கட்டுவது. கலை என்றாலே இதுதான் என்கிறவரை, கலைக்கு இது ஆகாது என்று சொல்ல எனக்கு மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

ஆனால் அவரையும் அப்படியே கும்பிட்டுவிட முடியாது. இரண்டாவது அத்தியாயத்தில், போலச் செய்யப்படுகிறவர்கள் நம்மைவிட மேலானவர்கள், கீழானவர்கள், நம்மைப் போன்றவர்கள் என்று பிரிக்கிறார். மேலானவர்களுக்குத் துன்பியல் நாடகம். கீழானவர்களுக்கு நகைச்சுவை நாடகம். பதினைந்தாவது அத்தியாயத்தில் நல்ல பாத்திரம் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, ஒரு பெண்ணிடமும் நல்லது இருக்கலாம், ஓர் அடிமையிடமும் இருக்கலாம் என்று ஆரம்பிக்கிறார். நமக்கு மனசு லேசாகிறது. அடுத்த மூச்சிலேயே, பெண் என்பது கொஞ்சம் தாழ்ந்ததுதான், அடிமை என்பது முழுக்கவே மட்டம்தான் என்று முடித்துவிடுகிறார். சலுகை கொடுக்கிற வாயாலேயே பிடுங்கிக்கொள்வது நமக்குப் புதுசில்லை. 'அரசியல்' நூலில் இதே ஆள் அடிமையை உயிருள்ள உடைமை என்கிறார். மிகச் சிறந்த நகரம் கைத்தொழிலாளியைக் குடிமகனாக ஆக்காது என்றும் சொல்கிறார்.

ஆக, போலச் செய்வது எல்லாருக்கும் பிறவிக் குணம். ஆனால் போலச் செய்யப்படுவதில் ஏணி இருக்கிறது. அந்த மேடையில் பேசிய பெண்களையும் அடிமைகளையும் முகமூடி போட்டு நடித்தவர்கள் எல்லாம் ஆண்கள்தான்.

இந்த ஏணியைப் பிடித்து ஆட்டிய ஒரு நாடகத்தையும் அப்போதுதான் படித்தேன். அரிஸ்டோஃபனிஸ் எழுதிய 'தவளைகள்'. கி.மு. 405இல் ஏதென்சில் மேடையேறியது. டயோனிசஸ் என்ற கடவுள், நாடகத்துக்கே அதிபதியானவர், ஸாந்தியாஸ் என்ற அடிமையின் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு பாதாளத்துக்குப் போகிறார். போகும்போது வீரன் ஹெராக்ளிஸ் மாதிரி வேசம். அடி விழும்போல இருந்தால் வேசத்தை அடிமைக்கு மாட்டிவிடுகிறார். விருந்து, பெண்கள் என்று சத்தம் கேட்டால் பிடுங்கித் தான் மாட்டிக்கொள்கிறார். கடைசியில் வாசல்காரன் இரண்டு பேரையும் பிடித்துக்கொள்கிறான். வேசம் அப்போது ஸாந்தியாசின் மேல். இவன் என் அடிமை, சித்திரவதை செய்து விசாரித்துக்கொள் என்று கடவுளைக் காட்டிச் சொல்கிறான் அவன். நான் கடவுளாக்கும் என்று டயோனிசஸ் கத்துகிறார். யார் கடவுள் என்று கண்டுபிடிக்க இருவரையும் மாற்றி மாற்றி அடிக்கிறான் வாசல்காரன். அடி வாங்குவதில் கடவுளுக்கும் அடிமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஆனால் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அடிமையின் சொல் சாட்சியாக வேண்டுமென்றால் சித்திரவதை செய்து வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அது தெரிந்து படித்தால் சிரிப்பு நெஞ்சில் நின்றுவிடும். அடித்தால்தான் அவன் வாயில் உண்மை வரும் என்று நம்பிய ஊர் அது.

இத்தனையையும் நோட்டில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். ராத்திரி அய்யாவிடம் கதையை வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து தெரியாது. கதை இதுதான். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு சம்சாரி எங்க தெருவுக்கு வந்து, வார் கடிக்கிறது என்று புதுச்செருப்பைக் கழற்றி அய்யாவின் மேல் எறிந்தார். நான் கண்ணால் பார்த்தது. அய்யா அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பத் தைக்கிறார் என்று கதையை முடித்திருந்தேன்.

அய்யா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "மடியில வச்சா தைப்பேன் நான்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"கால் ரெண்டுக்கும் ஊடால வச்சு, பெருவெரலால வாரை இழுத்துப் பிடிச்சில்ல தைப்பேன். நீ தினம் பாத்தவன்தான? அழுதுக்கிட்டே தச்சேன்னு வேற எழுதியிருக்க. அழுதா கண்ணு மறைக்கும்டா. ஊசி கையில ஏறிரும்."

"அப்ப அன்னைக்கு என்னய்யா செஞ்சீங்க?"

"செருப்ப எடுத்துத் திருப்பிப் பாத்தேன். வார் கடிக்கிற செருப்பு இல்ல அது. கடிச்சா உள்பக்கம் தேய்ஞ்சிருக்கும், கறை இருக்கும். ஒண்ணுமில்ல. களத்துல தானியம் அளக்கணும்ல, அதுக்கு முன்னால சண்டையப் போட்டுட்டா அளக்க வேணாம். அதான் எறிஞ்சான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். அதைச் சொல்ல முடியல. அதான்டா எனக்கு ஆத்தாம இருந்துச்சு."

நான் எழுதிய கதையைவிட எவ்வளவு பெரிய கதை அது! என் கண் முன்னால் நடந்தும் நான் பார்க்கவில்லை. பிளேட்டோ சொன்ன அந்த ஓவியன், செருப்புத் தைப்பவனை வரைகிற, தொழில் தெரியாத அந்த ஓவியன், மேல்சாதி எழுத்தாளன் என்றுதானே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது நான்தான். என் அய்யாவைப் பார்த்துக்கூட நான் வரையவில்லை. பத்திரிகைக் கதைகளில் வருகிற, அழுதுகொண்டே தைக்கிற, பரிதாபமான சக்கிலியனைப் பார்த்து வரைந்திருந்தேன். வாழ்க்கையை நகல் எடுத்துவிட்டேன் என்று அட்டையில் எழுதியவர் தப்பாகத்தான் சொன்னார். நான் எடுத்தது அவர்கள் எழுதியதன் நகல். நாலாவது இடம்.

அன்று ராத்திரி அய்யாவுக்குப் பிளேட்டோவின் இன்னொரு கணக்கையும் சொன்னேன். பத்தாம் பகுதியிலேயே வருவது. குதிரையின் கடிவாளம் இருக்கிறது. ஓவியர் அதை வரைவார். தோல் தொழிலாளியும் கொல்லரும் அதைச் செய்வார்கள். அது எப்படி இருந்தால் சரி என்பது யாருக்குத் தெரியும்? வரைகிறவருக்குத் தெரியாது. செய்கிறவருக்கும் தெரியாது. அதை வைத்துக் குதிரை ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். பயன்படுத்துகிறவர் சொல்வதை நம்பிச் செய்கிறவர் செய்ய வேண்டும்.

அய்யா சிரித்தார். "செருப்பு போட்டவன் சொன்னதத்தான் இப்பச் சொன்னேனே. அவன் பொய் சொல்லுவான்டா. கழுத்துப்பட்டை சரியா இருக்கான்னு நான் சம்சாரியவா கேப்பேன்? மாட்டுக் கழுத்தப் பாப்பேன். புண்ணு இருந்தா பட்டை சரியில்ல. ஒங்க ஆளு குதிரை வாயைப் பாக்கவே இல்லையா?"

பார்க்கவில்லைதான். வரைகிறவன், செய்கிறவன், ஓட்டுகிறவன் என்று மூன்று பேரைச் சொன்ன அந்தப் பெரிய மூளைக்கு, கடிவாளம் யார் வாயில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. செய்கிறவனுக்கு அறிவு உண்டு, அவன் புண்ணைப் பார்க்கிறான் என்பதும் தோன்றவில்லை. நாம் எழுதுவதைச் சாட்சியம் என்கிறோமே, அது இந்த நாலாவது ஆள் பேசுவதுதான். அது வெறும் பதிவு என்று சொல்கிறவர்கள் ஓட்டுகிறவனின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். ஆனால் நாமும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். குதிரையின் சாதியில் பிறந்துவிட்டால் மட்டும் புண் தெரிந்துவிடாது. எட்டு வயசில் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கேட்க வேண்டும்.

ரொம்ப வருசம் கழித்து, சீமோன் என்பவரைப் பற்றிப் படித்தேன். ஏதென்சின் சந்தைத் திடலான அகோராவின் ஓரத்தில் செருப்புத் தைத்தவர். சாக்ரட்டீஸ் அவர் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசுவாராம். பேசிப் போனதும் நினைவில் இருந்ததை எழுதி வைப்பாராம் சீமோன். முப்பத்து மூன்று உரையாடல்கள். அவற்றுக்குத் 'தோல் உரையாடல்கள்' என்றே பேர். சாக்ரட்டீசின் பேச்சை உரையாடலாக எழுதியதில் அவர்தான் முதல் ஆள் என்று சிலர் சொன்னதாக, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் தத்துவவாதிகளின் வரலாறு எழுதிய டயோஜனிஸ் லயேர்டியஸ் குறித்து வைத்திருக்கிறார். நகரத்தின் தலைவர் பெரிக்ளிஸ் உன்னை நான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றபோது, என் பேச்சுரிமையை விற்கமாட்டேன் என்றாராம் சீமோன். அப்படி ஓர் ஆளே இல்லை, கட்டுக்கதை என்கிற அறிஞர்களும் உண்டு. ஆனால் 1950களில் அகோராவின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டைத் தோண்டியபோது, செருப்புக்கு அடிக்கிற இரும்பு ஆணிகளும், வார் கோக்கிற எலும்பு வளையங்களும், ஒரு கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தன. கிண்ணத்தில் சீமோனுடையது என்று கீறியிருந்தது.

சீமோன் தீண்டத்தகாதவர் இல்லை. அவர் நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த முப்பத்து மூன்றின் பட்டியலைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. நீதியைப் பற்றி எழுதியிருக்கிறார். சட்டத்தைப் பற்றி, வீரத்தைப் பற்றி, அழகைப் பற்றி. கவிதையைப் பற்றியும் ஒன்று. செருப்புத் தைக்கிறவர் கவிதையைப் பற்றி என்ன எழுதியிருப்பார்? தெரிந்துகொள்ள வழியில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை. தலைப்புகள்தான் இருக்கின்றன. செருப்புத் தைப்பவனை வரைகிற ஓவியனைப் பற்றி எழுதிய பிளேட்டோ முழுசாகக் கிடைக்கிறார். செருப்புத் தைத்தவர் எழுதியது போய்விட்டது.

பிளேட்டோ ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கவிதையை வெளியே அனுப்பிவிட்டு, அது தன் பக்க நியாயத்தைச் சொன்னால் சந்தோசமாகத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம் என்கிறார். கவிதை எழுதத் தெரியாதவர்கள்கூட அதற்காக உரைநடையில் வாதாடலாம் என்கிறார். நாம் இந்தப் பக்கங்களில் வாதாடிக்கொண்டிருப்பது அதைத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதையைத் திரும்ப எழுதினேன். அய்யாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். வார் எந்தப் பக்கம் மடியும், ஊசி எந்தப் பக்கம் ஏறும், தானியம் எத்தனை படி பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசி வரியில் அவர் செருப்பைத் திருப்பி உள்பக்கம் பார்க்கிறார். அவ்வளவுதான். அழவில்லை. இரண்டாவது முறை வாசித்துக் காட்டியபோது, "ம்... இது நாந்தான்" என்றார்.

அய்யா இறந்து பதினாலு வருசம் ஆகிறது. அவருடைய குத்தூசி என் மேசையில் கிடக்கிறது. எனக்கு இன்னும் தைக்கத் தெரியாது.